சொன்ன விலையும் போன விலையும்: பழைய ரைஃபிள்களுக்கான இணைய ஏலம், ஒரு மதிப்புரை

பழைய ரைஃபிள்களை ஏலம் விடும் அமெரிக்க இணையதளம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக உறுப்பினனாக இருக்கிறேன். இந்தக் காலத்தில் மூன்று ரைஃபிள்களை வாங்கினேன். அவற்றில் ஒன்றை விற்றேன். வாங்கும் எண்ணம் சிறிதும் இல்லாமல் முந்நூறுக்கும் மேற்பட்ட ஏலங்களைக் கடைசி நொடி வரை பார்த்து, தொடக்க விலை, முடிந்த விலை, ஏலம் கேட்டவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். இந்த மதிப்புரை அந்தக் குறிப்பேட்டை வைத்து எழுதியது. நான் குறைசொல்லப் போகும் பழக்கங்கள் ஏறக்குறைய எல்லா ஏலத் தளங்களிலும் இருப்பவை என்பதால் தளத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இணையத்துக்கு முன்பு, இத்தகைய ரைஃபிள்கள் துப்பாக்கிக் கண்காட்சிகளில் மேசைமீது பரப்பி விற்கப்பட்டன. வாங்குபவர் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார், போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகத்தை)த் திறந்து குழலுக்குள் வெளிச்சம் காட்டிப் பார்ப்பார், விலையைக் குறைத்துக் கேட்பார், விற்பவர் முகத்தைச் சுளிப்பார், அரை மணி நேரத்தில் ஒரு முடிவு கிடைக்கும். 1999-இல் ஈபே துப்பாக்கி விற்பனையைத் தடைசெய்த பிறகு, துப்பாக்கிகளுக்கென்றே தனித் தளங்கள் வளர்ந்தன. இன்று ஒரு சிற்றூரில் தாத்தாவின் அலமாரியில் கிடந்த வின்செஸ்டர் ரைஃபிள் அடுத்த நாளே நாடு முழுவதும் உள்ள சேகரிப்பாளர்களின் கண்ணில் படுகிறது. இந்த வசதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மேசைக்கு முன் நின்றவர்கள் ஐந்து பேர் என்றால், திரைக்கு முன் இருப்பவர்கள் ஐயாயிரம் பேர். அந்த ஐயாயிரம் பேரில் விலை தெரியாதவர்கள் இரண்டு பேர் இருந்தால் போதும், ஏலம் எங்கோ போய் நின்றுவிடும்.

இதைச் சற்று விளக்க வேண்டும். இத்தளத்தில் நீங்கள் தரத் தயாராக இருக்கும் உச்ச விலையை முன்கூட்டியே பதிந்துவிடலாம். உங்களுக்குப் போட்டியாக இன்னொருவர் கேட்கக் கேட்க, கணினி உங்கள் சார்பில் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போகும். எனவே முடிவு விலை என்பது வென்றவர் மனத்தில் வைத்திருந்த விலை அன்று. தோற்றவர்களில் கடைசியாக விட்டுக்கொடுத்தவரின் விலைக்குச் சற்று மேலே உள்ள தொகை. ஒருவர் மட்டும் மிகையாக மதிப்பிட்டால் விலை ஏறாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் தவறாக மதிப்பிட வேண்டும். வீட்டிலேயே அடைந்து கிடந்த 2020-இல் அப்படிப்பட்ட இருவரைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. அந்த ஆண்டில், துப்பாக்கி வாங்குபவர்களைச் சரிபார்க்கும் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை அமைப்பின் வழியாகச் சென்ற விசாரணைகள் மட்டும் ஏறத்தாழ 3.97 கோடி, அதுவரை எந்த ஆண்டிலும் அவ்வளவு இருந்ததில்லை. புதிதாகத் துப்பாக்கி வாங்க வந்தவர்களில் ஒரு பகுதியினர் பழையவற்றின் பக்கமும் திரும்பினார்கள். அவர்கள் கொண்டுவந்தது பணமும் ஆர்வமும். விலை அறிவு பிறகுதான் வந்தது, சிலருக்கு இன்னும் வரவில்லை.

1971-இல் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பொறியாளர்கள் மூவர், கடலடி எண்ணெய் வயல்களுக்கான ஏலங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் அந்த வயலை மிகையாக மதிப்பிட்டவராகவே இருக்கிறார், ஆகவே வென்றதே அவருக்கு இழப்பாக முடிகிறது என்பது அவர்கள் கண்டது. எண்ணெய் நிறுவனங்களுக்குப் பொருந்திய அதே கணக்கு, மோசின் நாகான்ட் என்ற பழைய ரஷ்ய ரைஃபிள் ஒன்றுக்காக நள்ளிரவில் விழித்திருப்பவருக்கும் பொருந்துகிறது.

நம் ஊர் ஏலத்தில் 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த மூன்றாம் தரத்துக்கு மேல் பேச்சில்லை. இங்கு மூன்றாம் தரம் வருவதே இல்லை. ஏலம் முடியும் தறுவாயில் யாராவது ஒருவர் கேட்டுவிட்டால், கடிகாரம் மேலும் பதினைந்து நிமிடம் நீளும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் மற்றொருவர் கேட்டால் மறுபடியும் நீளும். கடைசி நொடியில் பாய்ந்து தட்டிப் பறிப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று தளம் சொல்கிறது, அது உண்மைதான். ஆனால் அதன் விளைவு வேறு. ஒவ்வொரு நீட்டிப்பிலும் 'இன்னும் 25 டாலர்தானே' என்ற எண்ணம் எழுகிறது, பொருளின்மீது இருந்த பார்வை எதிராளியின்மீது திரும்புகிறது, ரைஃபிள் வாங்க வந்தவர் ஆளைத் தோற்கடிக்கும் போட்டியில் இறங்கிவிடுகிறார். முதலில் நான் வாங்கிய வின்செஸ்டர் மாடல் 94 அப்படித்தான் என் கைக்கு வந்தது.

அது 1951-இல் .30-30 என்ற தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட கார்பைன், அதாவது குட்டைக் குழல் ரைஃபிள். ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்த மாடல், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் தொழிற்சாலையில் 2006 வரை செய்யப்பட்டது. மொத்தம் 70 லட்சத்துக்கும் மேல். இவ்வளவு எண்ணிக்கையில் உள்ள ஒன்றை அரிது என்று சொல்வது வேடிக்கை. ஆனால் 'அறுபத்து நாலுக்கு முன்' என்ற சொற்களுக்கு இத்தளத்தில் தனி விலை உண்டு. 1964-இல் செலவைக் குறைப்பதற்காக வின்செஸ்டர் நிறுவனம் தன் தயாரிப்பு முறைகளை மாற்றியது. மாடல் 94-இல் கடைந்து செய்த சில பாகங்களுக்குப் பதிலாகத் தகட்டை அழுத்திச் செய்த பாகங்கள் வந்தன, மாடல் 70-இல் தோட்டாவைப் பற்றி இழுக்கும் பெரிய நகம் போன்ற பாகம் நீக்கப்பட்டது. எனவே அதற்கு முந்தையவற்றுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. 'சற்று' எவ்வளவு என்பதில்தான் நான் சறுக்கினேன். எண்ணூறு டாலருக்கு மேல் போகக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டு, நான்கு நீட்டிப்புகளுக்குப் பிறகு 1,020 டாலருக்கு எடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, அதே ஆண்டில் செய்யப்பட்ட, என்னுடையதைவிட நீலப்பூச்சு (உலோகம் துருப்பிடிக்காமல் இருக்க ஏற்றும் மெருகு) நன்றாக இருந்த ஒன்று 760 டாலருக்குப் போனது. அன்று என் எதிராளி எங்கோ ஊருக்குப் போயிருந்தார் போலும்.

இங்கே வாசகர் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஏல விலை உயர்ந்திருக்கிறது என்றால் அது வீக்கம் என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. மோசின் நாகான்ட் 91/30-ஐ எடுத்துக்கொள்ளலாம். சோவியத் கால இருப்புகளிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்குமதியான இந்த ரைஃபிள், 2000-களின் பிற்பகுதியில் கடைகளில் 100 டாலருக்குக் குறைவாகக் கிடைத்தது. அதற்கான பழைய தோட்டாக்களும் 440 கொண்ட தகர டப்பாக்களில் மலிவாகக் கிடைத்தன. பிறகு கிடங்குகள் காலியாகின, இறக்குமதி மெலிந்தது, 2021-இல் ரஷ்யத் தோட்டாக்களுக்கான புதிய இறக்குமதி அனுமதிகளும் நிறுத்தப்பட்டன. இன்று இத்தளத்தில் அதே ரைஃபிள் நானூறு டாலருக்கும் அதற்கு மேலும் போகிறது. பழைய நண்பர் ஒருவர் இதைப் பகற்கொள்ளை என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இனி வராது என்று தெரிந்த பொருளின் விலை ஏறுவது இயல்பு. 'ஸ்னைப்பர் (தொலைவில் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரர்) பயன்படுத்தியது' என்று யாரோ எழுதி, ஒரு புதிய தொலைநோக்கியை மேலே பொருத்தி, அதே ரைஃபிளை 1,800 டாலருக்கு வைப்பதுதான் வீக்கம். உண்மையான ஸ்னைப்பர் ரைஃபிளில், குழலும் போல்ட்டும் பொருந்தும் உலோக உடலான ரிசீவரின் பக்கத்தில் தொலைநோக்கித் தாங்கிக்கான துளைகளும், அவற்றோடு பொருந்தும் முத்திரைகளும் இருக்கும். பிற்காலத்தில் துளையிட்டுச் செய்தவையும், துளைகளை அடைத்துக் கிடங்குக்குத் திரும்பியவையும் கலந்து வருவதால், படத்தைப் பார்த்து மட்டும் யாரும் உறுதிசொல்ல முடியாது.

வீக்கத்துக்கு ஊட்டம் தருவது ஏலம் மட்டும் அன்று. 'உடனே வாங்கு' என்ற தலைப்பில் நிலையாக நிற்கும் விலைகள்தான் பெரிய குற்றவாளி. அங்கே இருப்பது சொன்ன விலை, போன விலை அன்று. வின்செஸ்டர் 1966-இல் தன் நூற்றாண்டை ஒட்டி வெளியிட்ட 'சென்டெனியல் 66' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொன்னிறப் பூச்சும் எண்கோணக் குழலும் கொண்ட இந்த நினைவுப் பதிப்பு ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. வாங்கியவர்களில் பலர் பேரன் காலத்தில் பெரும் பணம் கிடைக்கும் என்று நம்பி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்தார்கள். எல்லோரும் பிரிக்காமல் வைத்ததால் இன்று பிரிக்காத பெட்டிக்கும் பஞ்சமில்லை. இத்தளத்தில் 2,400 டாலர் விலையில் ஒன்று நான் சேர்ந்த நாள் முதல் இருக்கிறது. காலம் முடிந்ததும் தானாகவே மறுபடி பட்டியலில் ஏறிக்கொள்கிறது. படத்தின் ஓரத்தில் சுவரில் தொங்கும் நாட்காட்டி மட்டும் நான்கு ஆண்டுகளாக அதே மாதத்தைக் காட்டுகிறது. தாத்தாவின் ரைஃபிளை விற்க வரும் ஒருவர், விலை என்ன வைக்கலாம் என்று தேடும்போது கண்ணில் படுவது இந்த 2,400-தான். முடிந்த ஏலங்களைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிவதில்லை. அவர் 2,200 வைக்கிறார், தன்னைப் பெருந்தன்மையானவர் என்று நினைத்துக்கொள்கிறார். இப்படி யாருமே கொடுக்காத விலைகள் ஒன்றுக்கொன்று சாட்சியாகி நிற்கின்றன.

செய்திகளில் வரும் பெரிய விற்பனைகளும் இந்த மயக்கத்தை வளர்க்கின்றன. 2016-இல் இல்லினாய் மாநிலத்தில் ராக் ஐலண்டு ஏல நிறுவனம், வின்செஸ்டர் மாடல் 1886-இன் சீரியல் எண் 1 கொண்ட ரைஃபிளை 12,65,000 டாலருக்கு விற்றது. அமெரிக்கப் பழங்குடியினரான அப்பாச்சிகளின் தலைவர் ஜெரோனிமோ சரணடைந்த படையெடுப்பில் பங்கேற்ற கேப்டன் ஹென்றி லாட்டனுக்குப் பரிசாக வழங்கப்பட்ட ரைஃபிள் அது. எண்ணும் ஒன்று, ஆளும் ஒருவர், வரலாறும் ஆவணத்தில் இருக்கிறது. அந்த விலைக்கும் துருப்பிடித்த, மரக்கட்டை மாற்றப்பட்ட ஒரு 1886-க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அந்தச் செய்தியின் படத்தைத் தங்கள் விளம்பரத்தில் ஒட்டிவைத்த இரண்டு பேரை நான் பார்த்தேன்.

இத்தளத்தில் விலையை ஏற்றும் சொற்களுக்கு ஒரு தனி அகராதியே போடலாம். 'அரிது' என்பதை விட்டுவிடுகிறேன், அதற்குப் பொருளே போய்விட்டது. 'எல்லா எண்களும் ஒன்றே' என்பது ஜெர்மானிய ரைஃபிள்களில் பெரும் பணம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை பயன்படுத்திய மவுசர் கே98கே-யின் ரிசீவர், போல்ட், குழல் பட்டை என்று சிறு பாகங்கள் வரை சீரியல் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லாம் ஒத்திருந்தால் அது போர்முனையிலிருந்து ஒரு வீரர் நேராக வீட்டுக்குக் கொண்டுவந்ததாக இருக்கலாம். சோவியத் படை கைப்பற்றி, கிடங்கில் பிரித்துப் பூட்டியவற்றில் பாகங்கள் கலந்திருக்கும், போல்ட்டில் எண்ணை மின்முனையால் கிறுக்கியிருப்பார்கள், கட்டையில் தடித்த மெருகெண்ணெய் மின்னும். இரண்டுக்கும் இடையே விலை இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடும். அந்த வேறுபாடே ஒரு தொழிலை உருவாக்கியிருக்கிறது: பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் பொருந்தும் எண்ணைப் பொறிக்கும் தொழில். ஜப்பானிய அரிசாகா ரைஃபிளில் அரசச் சின்னமான செவ்வந்திப் பூ சுரண்டப்படாமல் இருந்தால் விலை கூடும். சுரண்டிய இடத்தில் மீண்டும் பூவைப் பொறித்துத் தருபவர்களும் உண்டு. இவர்களின் கைத்திறனை வேறு நல்ல வேலைக்குப் பயன்படுத்தியிருக்கலாம்.

பிரிட்டனின் லீ என்ஃபீல்டு குடும்பத்தில் 'ஜங்கிள் கார்பைன்' என்று அழைக்கப்படும் நம்பர் 5 ரைஃபிள் 1944 முதல் 1947 வரை மட்டும் செய்யப்பட்டது. குழலின் அடிப்பகுதியிலும் ரிசீவரிலும் எடையைக் குறைப்பதற்காகச் செதுக்கிய இடங்கள் அதன் அடையாளம். பிற்காலத்தில் அமெரிக்க வணிகர்கள் சாதாரண நம்பர் 4-ஐ வெட்டிக் குட்டையாக்கி அதேபோல் தோற்றமளிக்கச் செய்து விற்றார்கள். அவற்றில் அந்தச் செதுக்கல்கள் இருக்காது. கையில் எடுத்தால் கைக்கட்டையைக் கழற்றி இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். இத்தளத்திலோ, பத்துப் படங்களில் ஒன்பது புல்வெளியில் சாய்த்துவைத்து எடுத்த அழகுப் படங்கள். நம்மில் பலருக்கு .303 என்ற பெயரிலேயே அறிமுகமான இந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று, வங்காளத்தின் இசாப்பூர் தொழிற்சாலையில் 1960-களில் 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட 2ஏ1. நீண்ட காலம் சேகரிப்பாளர்கள் மூக்கைச் சுளித்து ஒதுக்கிய அந்த ரைஃபிள்கூட இப்போது 'இந்திய அரிய வகை' என்ற தலைப்பில் ஏறுகிறது. எனக்கு அதில் உள்ளூரச் சிறு மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்கவில்லை.

அமெரிக்க இராணுவ ரைஃபிள்களில் வேறொரு சிக்கல். எம்1 கேரண்ட் ரைஃபிள்கள் ஏறத்தாழ 54 லட்சம் செய்யப்பட்டன. எம்1 கார்பைன் 60 லட்சத்துக்கும் மேல். கார்பைன்களை, காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளைத் தயாரித்துவந்த ராக்-ஓலாவும், ஐ.பி.எம். நிறுவனமும்கூடச் செய்தன என்பதால், அந்தப் பெயர் பொறித்த ரிசீவருக்குக் கூடுதல் விலை உண்டு. போருக்குப் பிறகு இராணுவக் கிடங்குகள் எல்லாவற்றையும் பிரித்து, யாருடைய பாகம் என்று பார்க்காமல் மறுபடி பூட்டின. எனவே ஒரு ராக்-ஓலாவில் நான்கு நிறுவனங்களின் பாகங்கள் இருப்பதே இயல்பான, நேர்மையான நிலை. இத்தளத்தில் 'முழுவதும் அசல்' என்று உயர்ந்த விலைக்குப் போகிறவற்றில் பல, சேகரிப்பாளர் ஒருவர் அண்மையில் பாகம் பாகமாகத் தேடி வாங்கிப் பூட்டியவை. அது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிச் செய்தது என்று சொல்லாமல் விற்றால் ஏமாற்றுதான்.

கேரண்ட் வாங்க விரும்புபவர் ஏலத்துக்கு வரும் முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு, இராணுவம் திருப்பித் தந்த கேரண்டுகளைத் தரம் பிரித்து, நிலையான விலையில், தகுதி உள்ள குடிமக்களுக்கு விற்கிறது. அந்த அமைப்போடு இணைந்த சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும், சுடுதல் பயிற்சிக்கான சான்று வேண்டும், படிவங்களை நிரப்பிக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க நினைப்பவர்கள்தான் அதே தரத்து ரைஃபிளுக்கு இத்தளத்தில் நூற்றுக்கணக்கான டாலர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அங்கே வாங்கிய சில வாரங்களில் இங்கே ஏற்றிவிடுபவர்களும் உண்டு; பெட்டியும் சான்றிதழும் படத்தில் அப்படியே இருக்கும்.

இனிச் செலவுக் கணக்கு. ஏலத்தில் போன விலையைப் பார்த்து 'பரவாயில்லை' என்று நினைப்பவர்கள் இறுதித் தொகையைப் பார்ப்பதில்லை. 900 டாலருக்கு ஏலம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். விற்பவர் ஏல நிறுவனமாக இருந்தால், வாங்குபவர் தர வேண்டிய கமிஷன் 18 விழுக்காடு என்றால் 162 டாலர். அட்டை வழியாகச் செலுத்த 3 விழுக்காடு, அதாவது 32 டாலர். 7 விழுக்காடு விற்பனை வரி 74 டாலர். அனுப்பும் செலவு 50 டாலர். மாநிலம் விட்டு மாநிலம் வரும் ரைஃபிளை உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் பெற முடியும் என்பதால் அவருக்கு 35 டாலர். கூட்டினால் 1,253. கமிஷனும் வரியும் விற்பவருக்கும் மாநிலத்துக்கும் ஏற்ப மாறும் என்றாலும், ஏல விலையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது நல்ல பழக்கம். குறைந்தது ஐம்பது ஆண்டு பழைமையான, அசல் வடிவில் உள்ள துப்பாக்கிகளைச் சேகரிப்பதற்கென மூன்று ஆண்டுக்கு 30 டாலர் கட்டணத்தில் ஓர் உரிமம் கிடைக்கிறது. அது இருந்தால் ரைஃபிள் நேராக வீட்டுக்கே வரும், வணிகருக்கான கட்டணம் மிஞ்சும். மாநிலச் சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவை 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கணக்கில் தொல்பொருள். அவற்றுக்கு வணிகரும் தேவையில்லை, உரிமமும் தேவையில்லை. இந்த ஒரே காரணத்துக்காக, 1898-இல் செய்தது 1899-இல் செய்ததைவிட நூறு, இருநூறு டாலர் கூடுதலாகப் போவதை என் குறிப்பேடு காட்டுகிறது. எனது இரண்டாவது கொள்முதலில் இது எனக்குச் சாதகமாக அமைந்தது. பின்லாந்து, பழைய ரஷ்ய ரிசீவர்களைக் கொண்டு தன் எம்39 ரைஃபிள்களைக் கட்டியது. ரிசீவரின் உண்மையான ஆண்டு அதன் வால்பகுதியின் அடியில், கட்டைக்குள் மறைந்திருக்கும். குழலில் 1942 என்று இருந்த ஒன்றை 585 டாலருக்கு எடுத்தேன். வீட்டில் திருகுகளைக் கழற்றிப் பார்த்தபோது அடியில் 1897 என்று இருந்தது. விற்பவர் கழற்றிப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதில் என் திறமை எதுவும் இல்லை.

மூன்றாவது கொள்முதல்தான் என் குறை. 'எல்லா எண்களும் ஒன்றே, போர்வீரர் கொண்டுவந்தது' என்று விவரித்த கே98கே ஒன்றை 1,650 டாலருக்கு எடுத்தேன். போல்ட்டின் எண்ணைக் கிட்டத்தில் காட்டும் படம் கேட்டேன். மங்கலான ஒன்று வந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ரைஃபிள் வந்ததும் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, போல்ட் பிடியின் அடிப்பகுதி சுற்றிலும் உள்ள உலோகத்தைவிடச் சற்றுப் பள்ளமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. பொறித்த எண்களின் விளிம்பு கூர்மையாக இருந்தது, 2-இன் வளைவு ரிசீவரில் உள்ள 2-உடன் பொருந்தவில்லை. பட்டியலில் மூன்று நாள் பரிசீலனைக் காலம் உண்டு என்று எழுதியிருந்ததால் இரண்டாம் நாளே எழுதினேன். விற்பவர் 'நான் நிபுணன் அல்லன், படங்களைப் பார்த்துத்தான் வாங்கினீர்கள்' என்று பதில் எழுதினார். தளத்துக்கு முறையிட்டபோது, இருவருக்கும் இடையிலான விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று ஆயத்தமாக வைத்திருந்த கடிதம் ஒன்று வந்தது. எதிர்மறை மதிப்பீடு இட அனுமதித்தார்கள்; விற்பவர் பதிலுக்கு எனக்கும் ஒன்று இட்டார். ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் பெறும் தளம், விவரிப்பின் உண்மைக்குக் கொஞ்சமும் பொறுப்பேற்காது என்பது இந்தச் சேவையின் மிகப் பெரிய ஓட்டை. போட்டியைத் தூண்டத் தெரிந்த பொறியாளர்களுக்கு, 'எல்லா எண்களும் ஒன்றே' என்று எழுதுபவர் ஒவ்வோர் எண்ணுக்கும் படம் இணைக்க வேண்டும் என்று ஒரு விதி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

விற்பவரே ஆள் வைத்து விலையை ஏற்றுகிறாரா என்ற ஐயமும் அடிக்கடி எழுகிறது. ஒரே விற்பவரின் ஏலங்களில் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, எப்போதும் இரண்டாம் இடத்தில் நின்றுவிடும் பெயர்கள் என் குறிப்பேட்டில் மூன்று உள்ளன. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் அதற்குமேல் சொல்வதற்கில்லை.

அப்படியானால் இந்தத் தளம் எதற்குப் பயன்படும்? என் பார்வையில் அதன் உண்மையான செல்வம், முடிந்த ஏலங்களைத் தேடிப் பார்க்கும் பகுதி. அதிலும் அடிவிலை (இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்று விற்பவர் வைக்கும் விலை) எதுவும் வைக்காமல், மிகச் சிறு தொகையில் தொடங்கி, நல்ல படங்களுடன், பல பேர் கேட்டு முடிந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் பத்துப் பதினைந்தைப் பார்த்தால், அவற்றின் நடுவில் நிற்கும் தொகை சந்தை விலைக்கு மிக அருகில் இருக்கும். மேலே எகிறியதையும் கீழே விழுந்ததையும் தள்ளிவிட வேண்டும். அடிவிலை எட்டாமல் முடிந்தவற்றையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. மேலும், குழலின் உட்புறம், முனை, திருகுத் தலைகள், எழுத்துகளின் விளிம்பு, மரமும் உலோகமும் சேரும் இடம் ஆகியவற்றின் படங்களைக் கேட்டு, தர மறுப்பவரை விட்டுவிட்டால் பாதித் தொல்லை தீரும். மெருகிட்டு மீண்டும் நீலம் ஏற்றிய ரைஃபிளில் எழுத்துகளின் விளிம்பு கரைந்திருக்கும், திருகுத் துளைகளின் ஓரம் குழிந்திருக்கும். பளபளப்பைப் பார்த்துப் புதியவர்கள் கூடுதலாகக் கொடுக்கும் அந்த ரைஃபிளுக்குச் சேகரிப்பாளர் பாதி விலைகூடத் தரமாட்டார். பழைய வின்செஸ்டராக இருந்தால், வயோமிங் மாநிலத்தின் கோடி நகர அருங்காட்சியகம் தன்னிடம் உள்ள தொழிற்சாலைப் பதிவேடுகளிலிருந்து சீரியல் எண்ணுக்கான சான்றுக் கடிதம் தருகிறது. ஆயிரக்கணக்கில் செலவிடும் முன் அந்தச் சிறு கட்டணம் பெரிதன்று. எல்லா எண்களுக்கும் பதிவு கிடைக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தேடுதல் வசதிக்கும் முடிந்த ஏலங்களின் பதிவுக்கும் ஐந்தில் ஐந்து தருவேன். ஏலம் நடத்தும் முறைக்கு மூன்று. முறையீடுகளைக் கையாளும் விதத்துக்கு ஒன்று. அதுவும் பதில் கடிதம் விரைவாக வந்ததற்காக.

அந்த கே98கே-யைச் சென்ற ஆண்டு இதே தளத்தில் விற்றேன். போல்ட்டின் எண் பிற்காலத்தில் பொறிக்கப்பட்டது, ரிசீவருக்கு உரியது அன்று என்று முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் எழுதினேன், தேய்த்த இடத்தைத் தெளிவாகக் காட்டும் மூன்று படங்களையும் இணைத்தேன், அடிவிலை வைக்கவில்லை. தொள்ளாயிரம் கிடைத்தால் போதும் என்று எண்ணியிருந்தேன். கடைசியில் இருவர் மட்டும் மோதிக்கொண்டார்கள், கடிகாரம் ஆறு முறை நீண்டது, 1,475 டாலரில் முடிந்தது. எடுத்தவர் பணத்தைச் செலுத்திய பிறகு எழுதிய முதல் கேள்வி, எண்கள் எல்லாம் ஒன்றுதானே என்பது. முதல் வரியை மறுபடி படிக்கும்படி எழுதி, வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, பரவாயில்லை, அனுப்பிவிடுங்கள் என்று பதில் வந்தது.